ஐ.வி.எஃப் சரிவரவில்லை, அடுத்து என்ன? கொழும்புத் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஐ.வி.எஃப் (உடம்புக்கு வெளியே கருக்கட்டவைக்கும் சிகிச்சை) செய்து, பீட்டா ரிப்போர்ட் (கரு தங்கியதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் என்று வந்த கிழமையிலேயே அடுத்த சுற்றுக்குத் திகதி குறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபைலை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு, ஒரு வருசமாக அதைப் பற்றி வாயே திறக்காதவர்களும் இருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு கிளினிக் முடிவெடுக்கிறது, இரண்டாவது கூட்டத்துக்கு வயது முடிவெடுக்கிறது. நீங்களே முடிவெடுக்க வேண்டுமென்றால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். போன சுற்று எந்த இடத்தில் நின்றது? நாங்கள் எந்த இடத்தில் நிறுத்துவோம்? இவை இரண்டும் தெரியாமல் அடுத்ததற்கு ஓம் சொல்லாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

முதல் சில கிழமைகள்

வீட்டில் கிட் வைத்துப் பார்த்து ஒரு கோடுதான் வந்தது என்பதற்காகவோ, இரத்தம் கசிகிறது என்பதற்காகவோ, கருவைத் தாங்கவென்று தந்த புரொஜெஸ்டரோன் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி பார்த்து, வைத்தியர் சொன்ன பிறகு நிறுத்தலாம்.

பீட்டா முழு நெகட்டிவ் இல்லாமல் குறைந்த அளவில் வந்தால், 48 மணித்தியாலத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். "எப்படியும் சரிவராதுதானே" என்று அதை விட்டுவிடக் கூடாது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். முளையத்தை, அதாவது ஆய்வுகூடத்தில் வளர்த்த கருவை, கருப்பைக்குள் வைத்தவர்களுக்கும் இது நடக்கும். ஒரு பக்கத்தில் அடிவயிற்று வலி, தோள்மூட்டு வலி, தலைச்சுற்று, மயக்கம் இவற்றில் ஏதும் வந்தால் சனல் பண்ணி நம்பர் வரும்வரை காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள் அல்லது நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

வெள்ளவத்தைச் சந்தியில் ஆட்டோ குலுங்கினது, மூன்றாம் மாடிக்குப் படி ஏறினது, பப்பாசி ஒரு துண்டு தின்றது என்று காரணம் தேடுவது இந்த நாட்களில்தான் ஆரம்பிக்கும். முளையம் வைத்த பிறகு படுத்தே கிடந்தால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நடமாடினதால் குறைந்தது என்பதற்கும் இல்லை. இதை வீட்டில் பெரியவர்களுக்கும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழி முழுவதும் பெண்ணின் தலையில்தான் விழும்.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு மாதவிடாய் கழியும்வரை எந்த முடிவும் அவசரமில்லை. நாற்பதை நெருங்குபவர்களும், ஏ.எம்.எச் (சூலகத்தில் முட்டை இருப்பைக் காட்டும் இரத்த அளவு) குறைவாக உள்ளவர்களும் மட்டும் இந்த இடைவெளியை மாதக்கணக்கில் நீட்டாமல் இருப்பது நல்லது.

ஃபைலைக் கையில் எடுங்கள்

கிளினிக்கிடம் முழு ஃபைலின் பிரதியைக் கேளுங்கள். பில்லும் கடைசி பீட்டா ரிப்போர்ட்டும் போதாது. எந்த ஊசி, என்ன அளவு, எத்தனை நாள், ஒவ்வொரு ஸ்கேனிலும் முட்டைப்பைகள் எத்தனை, எந்த அளவு, எடுத்த முட்டைகளில் முதிர்ந்தவை எத்தனை, கருக்கட்டியவை எத்தனை, மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் முளையங்களின் தரம், வைத்த அன்று கருப்பை உட்படலம் எத்தனை மில்லிமீற்றர், உறைய வைத்தவை மீதி உண்டா. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். முளைய ஆய்வுகூடத்தின் குறிப்புத்தான் இதில் முக்கியம், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். கேட்க வெட்கப்படத் தேவையில்லை. காசு கட்டியது நீங்கள், உடம்பும் உங்களுடையது.

பிறகு அதே வைத்தியரை மீளாய்வுக்கென்றே சனல் பண்ணுங்கள். சனலிங்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம், அந்த நேரத்துக்குள் இதைப் பேசி முடிக்க முடியாது. ஆறுதலாகக் கதைக்க நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு பேரும் போங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு சிங்களமும் ஆங்கிலமும் கலந்து நடக்கும். பாதி விளங்காமல் தலையாட்டிவிட்டு வருவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். விளங்காத இடத்தில் நிறுத்தி மறுபடி கேளுங்கள், அல்லது மொழி நன்றாகத் தெரிந்த, வாய் காக்கக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

எங்கே நின்றது?

"ஃபெயிலாப் போச்சு" என்று எல்லோரும் ஒரே சொல்லில் முடிக்கிறார்கள். ஆனால் இந்தச் சிகிச்சை பல படிகள் கொண்டது. எந்தப் படியில் நின்றது என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும்.

ஊசி போட்டும் முட்டைகள் போதுமான அளவு வளராமல் சுற்றையே நிறுத்தியிருந்தால், கேள்வி சூலகத்தைப் பற்றியது. மருந்து முறையை மாற்றினால் சிலருக்குப் பலன் கிடைக்கும். ஆனால் இல்லாத முட்டையை அதிக ஊசி உண்டாக்காது. ஏ.எம்.எச் மிகக் குறைந்து, இரண்டு முறையும் ஒன்றிரண்டு முட்டையே கிடைத்திருந்தால், மூன்றாம் முறை என்ன மாறும் என்று வைத்தியர் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

முட்டைகள் நிறையக் கிடைத்தும் கருக்கட்டவில்லை என்றால் முட்டை முதிர்ந்ததா, விந்தணு எப்படி, சாதாரண முறையா, ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையா என்று பார்க்க வேண்டும். சாதாரண முறையில் செய்திருந்தால் அடுத்தமுறை இக்ஸி நியாயமான மாற்றம்.

கருக்கட்டி, மூன்றாம் நாள்வரை நன்றாக வளர்ந்து, ஐந்தாம் நாளுக்குள் நின்றுவிட்டதா? முதல் சில நாட்கள் முட்டையின் சேமிப்பிலேயே ஓடுகின்றன, அதற்குப் பிறகுதான் முளையத்தின் சொந்த மரபணுக்கள் முழுமையாக வேலை செய்யத் தொடங்கும். ஆகவே இங்கே முட்டையின் தரத்தோடு விந்தணுவின் தரத்தையும் விசாரிக்க வேண்டும்.

எங்கள் சமூகத்தில் மனைவிக்குக் கை கொள்ளாத ரிப்போர்ட்டுகள் இருக்கும். கணவனுக்கு இருப்பது எப்போதோ எடுத்த ஒரேயொரு விந்துப் பரிசோதனை, அதுவும் "நோர்மல்" என்று சொல்லி மடித்து வைத்தது. அடுத்த சுற்றுக்கு முன் அதை மறுபடி எடுக்க வேண்டும். விதையில் நரம்பு புடைத்திருக்கிறதா என்று ஒரு யூரொலஜி வைத்தியர் பார்க்கட்டும். சிகரெட்டையும் வெற்றிலையோடு போடும் புகையிலையையும் நிறுத்த வேண்டும். ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டஸ்டரோன் ஊசி போடுபவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்தக்கூடியது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும். ஆகவே இன்று பழக்கத்தை மாற்றினால் பலன் தெரிய மூன்று மாதமாகும். அடுத்த திகதியை அதற்கேற்பக் குறியுங்கள்.

நல்ல தரமான முளையம் வைத்தும் தங்கவில்லை என்பதுதான் தாங்க மிகக் கடினமானது. பார்வைக்கு நல்ல முளையத்திலும் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) பிழை இருக்கலாம். மிகப் பொதுவான காரணமும் அதுவே. வயது ஏற ஏற அது கூடும். ஒருமுறை தங்காததை வைத்து உங்கள் கருப்பையில் கோளாறு என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு மூன்று நல்ல முளையங்கள் தங்காவிட்டால் கருப்பையின் உட்பக்கத்தைக் கமெரா விட்டுப் பார்ப்பது பெறுமதியானது. சதைவளர்ச்சி, உட்பக்கம் தள்ளி நிற்கும் ஃபைபுரொயிட் கட்டி, பழைய தொற்றினால் வந்த ஒட்டுகள் அதில் தெரியலாம். கருக்குழாயில் நீர் கட்டியிருந்தால் அது கருப்பைக்குள் கசிந்து வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். அந்தக் குழாயை எடுத்துவிட்டோ அடைத்துவிட்டோதான் அடுத்த முளையத்தை வைக்க வேண்டும். இதைப் பார்க்காமலே மறுபடி மறுபடி வைப்பது காசையும் முளையத்தையும் வீணாக்குவது.

பீட்டா பொசிட்டிவ் ஆகி, பிறகு கலைந்திருந்தால் கணக்கு வேறு. ஒருமுறைக்கு மேல் அப்படி நடந்தால் தைரொயிட், சீனி, பொஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் (இரத்தம் உறைவதைக் கூட்டுவது), இருவரின் குரோமோசோம் ஆகியவற்றைப் பார்க்கக் கேளுங்கள்.

கூடுதலாக விற்பவை

இரண்டாவது சுற்றில் பில் பெருப்பது பெரும்பாலும் மேலதிகச் சேர்க்கைகளால்தான். கருப்பை உட்படலத்தைச் சுரண்டிவிடுவது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1,300க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில் அதனால் குழந்தைப்பேறு கூடவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கவென்று கொழுப்புக் கரைசலை நாளத்தில் ஏற்றுவதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. முளையத்தின் குரோமோசோமைச் சோதிப்பது இருக்கிற முளையங்களில் எதை வைப்பது என்று தெரிவுசெய்ய உதவும். நல்ல முளையத்தை அது உண்டாக்காது, இரண்டே முளையம் உள்ளவருக்குப் பெரிதாக உதவவும் மாட்டாது. பிரித்தானியாவின் ஒழுங்குமுறை அமைப்பான எச்.எஃப்.ஈ.ஏ இப்படியான சேர்க்கைகளுக்குத் தரம் போட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கையெழுத்து வைக்க முன் ஒருமுறை பாருங்கள்.

கொச்சிக்கடை அந்தோனியாருக்கோ நயினாதீவு அம்மனுக்கோ நேர்த்தி வைப்பதை நான் தடுக்கமாட்டேன். சில சேர்க்கைகளைவிட அது மலிவு, உடம்புக்குக் கெடுதியும் இல்லை. பெயரில்லாத போத்தலில் வரும் சூரணமும் கசாயமும் வேறு விசயம். ஊசி போடும் காலத்தில் அதை வைத்தியருக்குத் தெரியாமல் குடிக்காதீர்கள்.

வேறு வைத்தியர், வேறு ஊர்

இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயம் கேட்பது துரோகமில்லை. முழு ஃபைலுடன் போங்கள். புதியவர் எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அரச வைத்தியசாலையை மறந்துவிடாதீர்கள். டி சொய்சா, காசல் வீதி மகளிர் வைத்தியசாலைகளைத் தனியாரில் சிகிச்சை செய்தவர்கள் எட்டியும் பார்ப்பதில்லை. ஃபைபுரொயிட், நீர் கட்டிய குழாய் போன்றவற்றுக்கான சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலைகளில் இலவசம். காத்திருக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அறை தனியாகக் கிடைக்காது. ஆனால் மிச்சமாகும் காசு இன்னொரு முளையம் வைக்க உதவலாம்.

சென்னைக்குப் போகலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். தமிழில் பேசலாம், விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. போவதானால் மருத்துவ விசாவில் போங்கள். இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி இச்சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வயது, ஆணுக்கு 21 முதல் 55 வயது என்று எல்லை உண்டு. அங்கே உறைய வைத்த முளையத்தை நினைத்தபடி கொழும்புக்குக் கொண்டுவர முடியாது, அதற்கு அங்குள்ள தேசிய சபையின் அனுமதி வேண்டும். மீதி முளையத்துக்காக மறுபடி மறுபடி போகவேண்டி வரும் என்று கணக்கில் வையுங்கள். காசுக்கு வாடகைத்தாய் முறை அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தால் அங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது. "நாங்கள் ஒழுங்கு பண்ணித் தாறம்" என்று வரும் புரோக்கரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நிறுத்தும் கோடு

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் செய்யுங்கள், மாமியார் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. இரண்டு பேரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: இன்னும் எத்தனை சுற்று, எந்த வயதுவரை, எவ்வளவு காசு, இன்னொருவரின் முட்டையோ விந்தோ பரவாயில்லையா, தத்தெடுப்பதற்கு மனம் இருக்கிறதா, பிள்ளை இல்லாமல் வாழ முடியுமா. எழுதி முடியும்வரை மற்றவரின் தாளைப் பார்க்கக் கூடாது. பிறகு மாற்றி வாசியுங்கள். மனைவிக்காகத்தான் தொடர்கிறேன் என்று கணவனும், கணவனுக்காகத்தான் தாங்குகிறேன் என்று மனைவியும் எழுதியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தக் கதை அன்றைக்கே வெளியே வருவது நல்லது.

காசுக் கணக்கில் கிளினிக் சொன்ன தொகையை மட்டும் போடாதீர்கள். ஊசி, ஸ்கேன், மயக்க மருந்து, முளையத்தை உறைய வைக்கும் கட்டணம், வருசா வருசம் அதைப் பாதுகாக்கும் கட்டணம், சம்பளமில்லா லீவு, யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ இருந்து வருபவர்களுக்குத் தங்குமிடம் எல்லாவற்றையும் போடுங்கள். நகையை அடைவு வைத்தால் வட்டியும் செலவுதான். குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்துச் செய்யும் சுற்றுக்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். உறைய வைத்த முளையம் மீதி இருந்தால் முதலில் அதை வையுங்கள். புதிதாக முட்டை எடுப்பதைவிடச் செலவும் குறைவு, உடம்புக்கும் இலேசு.

வாய்ப்பைப் பற்றிக் கேட்கும்போது "எத்தனை வீதம் பொசிட்டிவ் ஆகும்" என்று கேட்காதீர்கள். எங்கள் வயதில், எங்கள் ரிப்போர்ட் உள்ளவர்களில், எத்தனை பேர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். பிரித்தானியத் தரவில், சொந்த முட்டையால் உண்டான ஒரு முளையத்தை வைத்தால், 35 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிள்ளை பிறக்கிறது. 43, 44 வயதில் அது ஏறக்குறைய இருபதில் ஒன்றாக இறங்கிவிடுகிறது. அந்த நாட்டில் மருத்துவ வழிகாட்டல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் தந்த வழிகாட்டல் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று முழுச் சுற்றும், 40 முதல் 42 வரை ஒரு சுற்றும் என்று வரையறுத்தது. அது எங்களுக்குச் சட்டமில்லை. ஆனால் கோடு கீற ஓர் அளவுகோல் வேண்டும் என்றால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

வேறு வழிகள்

இன்னொரு பெண்ணின் முட்டையில், வயதால் விழுந்த வாய்ப்பு பெருமளவு மீளும், ஏனென்றால் முட்டையின் வயதுதான் கணக்கு. இதில் வைத்தியத்தைவிட மனமும் மதமும்தான் பெரிய கேள்வி. கத்தோலிக்கர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தங்கள் மார்க்கத்தின் நிலைப்பாடு முக்கியமென்றால், கையெழுத்து வைக்க முன் பாதிரியாரிடமோ மௌலவியிடமோ கேளுங்கள். பிள்ளைக்குப் பிற்காலத்தில் சொல்வீர்களா என்பதையும் முன்பே பேசி வையுங்கள். சொல்லாமல் காப்பது இன்றைக்கு வரவரக் கடினம், மரபணுப் பரிசோதனை தபாலில் வருகிற காலம்.

தத்தெடுப்பு இங்கே 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நடக்கிறது. விண்ணப்பிப்பவர் 25 வயதுக்குக் குறையாதவராகவும், பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலரிடமோ நன்னடத்தை அலுவலரிடமோ விசாரித்தால் எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள். பொறுப்பு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துடையது. அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், வருமானமும் உடல்நலமும் கேட்பார், கடைசியில் மாவட்ட நீதிமன்றம் கட்டளை பிறப்பிக்கும். காத்திருப்பு நீளமானது. கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் இன்னும் நீளும். சிகிச்சை முற்றாக முடியட்டும் என்று இருக்காமல் விசாரித்து வைப்பதில் தப்பில்லை. மேல் மாகாணக் கந்தோர்களில் படிவமும் பேச்சும் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். தமிழில் கேட்பது உங்கள் உரிமை, ஆனாலும் சிங்களம் தெரிந்த ஒருவரோடு போனால் அலைச்சல் குறையும்.

"ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளை இருக்கு, உங்கட பேரிலயே பதிஞ்சு தாறம்" என்று யாரும் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது குற்றம். 1980களில் இலங்கையிலிருந்து இப்படிப் பொய்ப் பத்திரங்களோடு ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் இன்று பெரியவர்களாகி, பெற்ற தாயைத் தேடித் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டாரும் ஊராரும்

கேட்பவர்கள் நிறுத்தப்போவதில்லை. ஒரே பதிலை இருவரும் முடிவுசெய்து, அதையே எல்லோருக்கும் சொல்லுங்கள்: "மாமி, வைத்தியம் நடக்குது. சொல்லுற நேரம் வந்தா நாங்களே சொல்லுவம்." கணவனின் பக்கத்துக்கு கணவனே சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளையின் முப்பத்தொராம் நாளுக்கோ வளைகாப்புக்கோ போக மனமில்லையென்றால் ஒரு பரிசை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள், பொய்க்காரணம் தேட வேண்டாம். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுப்பார்கள். இது மனைவிக்கு மட்டும் எழுதியதல்ல. பேசாமல் வேலைக்குள் புதைந்துபோகும் ஆண்களையும் கவனியுங்கள்.

நிறுத்துவது என்று முடிவானால்

கிளினிக்கில் உறைந்த முளையம் இருந்தால் அதை என்ன செய்வது என்று எழுத்தில் அறிவியுங்கள், இல்லாவிட்டால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். எண்டொமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது), பி.சி.ஓ.எஸ் (சூலகத்தைப் பாதிக்கும் ஹோர்மோன் கோளாறு) போன்றவை பிள்ளை முயற்சி நின்றதோடு போய்விடாது. அதற்கான வைத்தியத்தைத் தொடருங்கள்.

இன்னொரு வேலையை அநேகமானவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். பிள்ளை இல்லாத ஒருவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால் சொத்து முழுவதும் துணைக்குப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். பொதுச் சட்டத்தில் துணைக்குப் பாதிதான்; மற்றப் பாதி இறந்தவரின் இரத்த உறவுக்குப் போகும். வடமாகாணத் தமிழருக்கு அவர்களின் வழமைச் சட்டமான தேசவழமையும் முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டமும் வேறு கணக்குச் சொல்லும். கொழும்பில் குடியேறியவருக்குத் தேசவழமை பொருந்துமா என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே சட்டத்தரணியிடம் கேளுங்கள். வெள்ளவத்தை ஃபிளாட்டில் பாதியை மைத்துனர்மார் கேட்டு வராமல் இருக்க வேண்டுமென்றால், இருவரும் ஒரு நொத்தாரிசிடம் போய், இரண்டு சாட்சிகளோடு ஆளுக்கொரு மரணசாதனம் எழுதி வையுங்கள். பிற்காலத்தில் தத்தெடுத்தாலோ, எதிர்பாராமல் பிள்ளை பிறந்தாலோ அதை மாற்றி எழுதலாம்.